அத்தியாயம் 4: வெப், யுஎக்ஸ், யுஐ – உங்களுக்கு எந்த வேலை?

வேலை விளம்பரத்தில் "வெப் டிசைனர் தேவை" என்று இருக்கும். உள்ளே படித்தால் இணையத்தளம் கட்டத் தெரிய வேண்டும், ஃபிக்மா தெரிய வேண்டும், வாடிக்கையாளர்களிடம் பேசத் தெரிய வேண்டும், ஃபேஸ்புக்குக்குப் போஸ்டரும் போட வேண்டும் என்று நாலு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டியிருப்பார்கள். அடுத்த விளம்பரத்தில் யுஐயும் யுஎக்ஸும் ஒரே வேலைபோல் சேர்ந்தே கிடக்கும். எஸ்பிஎம் முடித்துவிட்டு, அல்லது பிடிக்காத வேலை ஒன்றில் இருந்துகொண்டு, தாப்பாவிலோ பீடோரிலோ சுங்காயிலோ இவற்றைப் புரட்டும் ஒருவருக்கு எதில் கை வைப்பது என்று தெரியாமல் போவது இயல்பு.

விளக்கம் படித்து இந்தக் குழப்பம் தீராது. உங்கள் ஊர்க்காரர் ஒருவருக்காக ஒரு சின்ன வேலையை முதலிலிருந்து கடைசிவரை நீங்களே செய்து பார்த்தால் தீரும். அதற்கு ஒரு மடிக்கணினி, இணையம், கொஞ்சம் வெள்ளைத்தாள், பேசத் தயங்காத மனம் ஆகியவை வேண்டும். மடிக்கணினி இல்லாதவர்கள் அருகிலுள்ள நாடி மையத்தில் கேட்டுப் பாருங்கள். முன்பு இணைய மையங்களாக இருந்து பெயர் மாறியவை அவை.

## மூன்று வேலை, மூன்று கேள்வி

கோட்பாட்டை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

யுஎக்ஸ் (பயனர் அனுபவம்) பார்ப்பவர் கேட்பது: இதை யார் பயன்படுத்தப் போகிறார், எதற்காக, எந்த அவசரத்தில்? வந்த காரியம் முடிந்ததா, பாதியில் விட்டுவிட்டுப் போனாரா?

யுஐ (பயனர் இடைமுகம்) பார்ப்பவர் கேட்பது: கண் முதலில் எங்கே போகிறது? எது பட்டன், எது வெறும் எழுத்து என்று பார்த்தவுடன் தெரிகிறதா? விரல் சரியான இடத்தில் படுகிறதா?

வெப் பார்ப்பவர் கேட்பது: வரைந்ததை எப்படிக் கட்டி இணையத்தில் ஏற்றுவது? நாலு வருடப் பழைய கைப்பேசியில் திறக்கிறதா? நாளைக்கு விலை மாறினால் யார் மாற்றுவது?

யுஎக்ஸ் என்ற பெயரைவிட வயதில் மூத்தது வெப். டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் இணையத்தளம் 1991இல் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. 1993இல் ஆப்பிளில் சேர்ந்த டொனால்ட் நார்மன், பயனர் அனுபவம் என்பதைத் தன் பதவிப் பெயரிலேயே போட்டுக்கொண்டார். யுஎக்ஸ் என்ற வேலைப் பெயர் பரவியது அதன் பிறகுதான். தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்தார். இன்றும் நாலைந்து பேர் இருக்கும் ஈப்போ நிறுவனத்தில் ஒரே ஆள்தான் செய்கிறார். கோலாலம்பூர் வங்கியில் இவை மூன்றும் மூன்று குழு. ஆகவே விளம்பரத்தில் பதவிப் பெயரைப் பார்ப்பதற்கு முன் நிறுவனத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். வேலை எப்படிப் பிரிந்திருக்கும் என்பதை அந்த எண்ணிக்கையே பெரும்பாலும் சொல்லிவிடும்.

## பயிற்சி: ஒரு கேட்டரிங், ஒரு பக்கம்

வீட்டிலிருந்தே கேட்டரிங் செய்யும் ஓர் அக்கா உங்கள் தாமானில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம், காதுகுத்து, கருமக்கிரியை, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்று ஆர்டர் வருகிறது. எல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவாக வருகிறது. அவர் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுகிறார். உங்களைப் பார்த்ததும், "தம்பி, எனக்கு ஒரு வெப்சைட் செஞ்சு குடேன்" என்கிறார். தையல்காரர், டியூஷன் ஆசிரியை, கேமரன் மலைச் சாலையில் தங்கும் வீடு நடத்துபவர் என்று யாராகவும் இருக்கலாம். ஒரே நிபந்தனை: அவரிடம் வாடிக்கையாளர்கள் ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பெறுபவர்களாக இருக்க வேண்டும். வெறும் படம் காட்டும் பக்கத்தில் யுஎக்ஸ் கற்க அதிகம் இருக்காது.

1. முதலில் கேளுங்கள். "என்ன கலர் வேணும், எத்தனை பக்கம் வேணும்" என்று தொடங்காதீர்கள். "கடைசியா வந்த ஆர்டர் எப்படி வந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லுங்கக்கா" என்று கேளுங்கள். நடந்த ஒன்றைச் சொல்லும்போதுதான் உண்மை வரும். "வழக்கமா எப்படி?" என்று கேட்டால் நடக்க வேண்டியதைச் சொல்வார்கள், நடப்பதைச் சொல்ல மாட்டார்கள்.

2. கேட்டதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். "எத்தனை பேருன்னு முந்தின நாள்தான் சொல்றாங்க" என்றால் அப்படியே. "எண்ணிக்கைத் தகவல் தாமதம்" என்று மாற்றி எழுதினால் அவருடைய எரிச்சல் காணாமல் போய்விடும். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

3. வாடிக்கையாளர்கள் சிலரிடமும் பேசுங்கள். அவர் மூலமாகவே அறிமுகம் பெறுங்கள். ஆர்டர் கொடுக்கும்போது எதை மறந்தார்கள், எதைக் கேட்கக் கூச்சப்பட்டார்கள் என்று விசாரியுங்கள். விலையைக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் நிறைய.

4. பிரச்சினையை ஒரே வரியில் எழுதுங்கள். உதாரணம்: "தேதி, ஆள் எண்ணிக்கை, சைவமா அசைவமா, எங்கே கொண்டுவர வேண்டும்: இந்த நான்கும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை." இந்த வரி வந்துவிட்டால் அக்காவுக்கு ஏழு பக்க இணையத்தளம் தேவையில்லை, நான்கு கேள்வி கேட்கும் ஒரு பக்கம் போதும் என்று தெரிந்துவிடும். இதுவரை செய்தது யுஎக்ஸ். கணினியைத் திறக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

5. தாளில் வரையுங்கள். கைப்பேசி அளவுக்குக் கட்டம் போட்டு, பென்சிலால், ஒரே திரைக்கு மூன்று விதமாக. வண்ணம் வேண்டாம்.

6. தாளையே ஒருவரிடம் நீட்டுங்கள். "நாளை மறுநாள் அம்பது பேருக்குச் சைவச் சாப்பாடு வேணும். எங்க தொடுவீங்க?" என்று கேளுங்கள். தயங்கும் இடத்தைக் குறியுங்கள்.

7. ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் திரையாக்குங்கள். இலவசக் கணக்கு போதும். திறந்த மூலக் கருவி வேண்டுமென்றால் பென்பாட் இருக்கிறது. தாளில் தொடங்கிய யுஐ இங்கே அளவுகளுக்கு வருகிறது. தொடும் இடங்கள் ஆப்பிள் வழிகாட்டியின்படி குறைந்தது 44 புள்ளி, ஆண்ட்ராய்டு வழிகாட்டியின்படி 48 டிபி இருக்க வேண்டும். 48 டிபி என்பது ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு 4.5:1க்குக் குறையக் கூடாது என்பது டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை விதி. இளம் சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்னணியில் அழகாகத் தெரியும்; நடுப்பகல் வெயிலில் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

8. ஒரு திரைக்கு நான்கு நிலை வரையுங்கள். காலியாக இருக்கும்போது, நிரப்பும்போது, தவறு நேரும்போது, அனுப்பி முடித்த பின். புதியவர்கள் நிரப்பும் நிலையை மட்டும் வரைந்துவிட்டு முடிந்தது என்பார்கள். நிறுவனங்களில் யுஐ ஆட்களின் பொழுதில் பெரும்பகுதி மற்ற மூன்றிலும்தான் போகிறது.

9. கட்டுங்கள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை போதும். எம்டிஎன் தளத்தையும் ஃப்ரீகோட்கேம்ப் பாடங்களையும் இலவசமாகப் படிக்கலாம். ஆர்டர் விவரம் அக்காவின் வாட்ஸ்அப்புக்கே போகும்படி கிளிக்-டு-சாட் லிங்க் வைத்தால் அவர் புதிதாக எதையும் பழக வேண்டியதில்லை. கிட்ஹப் பேஜஸில் செலவில்லாமல் ஏற்றலாம்.

10. ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். முதல் ஐந்து பேரிடமே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்று யேகப் நீல்சன் 2000இல் எழுதினார். ஐந்து பேரும் உங்கள் வயதுப் பிள்ளைகளாக இருக்கக் கூடாது. கேட்டரிங் ஆர்டர் கொடுப்பவர்கள் உங்கள் நண்பர்கள் இல்லை, அவர்களுடைய அம்மாக்கள்.

இந்தப் பத்தாவது படியில் கொஞ்சம் நிற்க வேண்டும். அறுபது வயது அம்மா ஒருவர் கைப்பேசியைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொள்வார். கட்டைவிரலை விட்டுவிட்டு ஆட்காட்டி விரலால் குத்துவார். ஆள் எண்ணிக்கைப் பெட்டியைத் தொட்டதும் விசைப்பலகை எழும்பிப் பாதித் திரையை மூடும். "அனுப்பு" பட்டன் அதற்கு அடியில் மறைந்துவிடும். அவர் எண்ணைப் போட்டுவிட்டு, "இது போகலையே தம்பி" என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள், விரலும் நீட்டாதீர்கள். பத்து எண்ணும்வரை பொறுங்கள். அவர் எங்கே தேடுகிறார், எதைத் தொட்டுப் பார்க்கிறார், எப்போது கைவிடுகிறார் என்று எழுதுங்கள். நீங்கள் ஒருமுறை உதவிவிட்டால் அந்தச் சோதனை அத்தோடு முடிந்தது. முடிவில், "உங்க மேல தப்பே இல்லம்மா, இந்தப் பக்கத்த சரிபண்ணத்தான் வந்தேன்" என்று சொல்லுங்கள். நம் பெரியவர்கள் கருவி வேலை செய்யாவிட்டால் தங்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்து வெட்கப்படுவார்கள். அவர்களை அப்படி நினைக்கவிட்டுப் போவது தவறு.

## பெயர்ப் பெட்டி: மூன்று வேலையும் ஒரே இடத்தில்

மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட மலேசியத் தமிழர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நம் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) என்ற மலாய்ச் சுருக்கம் இருக்கிறது. அந்தச் சாய்கோட்டை ஏற்காத படிவங்கள் ஏராளம். பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்தவருக்குச் சிவப்பில் "தவறான எழுத்து" என்று வரும். சாய்கோட்டை எடுத்துவிட்டால் வேறொரு இடத்தில் "அடையாள அட்டையோடு பெயர் பொருந்தவில்லை" என்று வரும். இன்னும் சில படிவங்கள் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கின்றன. நமக்கு இருப்பது அப்பா பெயர். அதைப் போட்டுவிட்டால் மகளுக்கு வர வேண்டிய கடிதம் அப்பா பெயரை விளித்து வரும். சொந்தப் பெயரை எழுதியதற்காக ஒருவரைத் தவறு செய்தவராகக் காட்டும் படிவத்தைச் சின்னக் கோளாறு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இதை யார் சரிசெய்வது?

- யுஎக்ஸ் ஆள் இதைக் கண்டுபிடிக்கிறார். பெயர் எழுதத் திணறியவர்களோடு பேசி, முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு பெட்டிகளும் வேண்டாம், "அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்" என்ற ஒரே பெட்டி போதும் என்று முடிவெடுக்கிறார். எதிர்ப்பவர்களுக்குக் காரணமும் சொல்கிறார்.
- யுஐ ஆள் அந்தப் பெட்டியை நீளமாக வைக்கிறார். மாதிரிப் பெயரைப் பெட்டிக்குக் கீழே காட்டுகிறார். பெட்டிக்குள் மங்கலாக எழுதினால் தட்டச்சு தொடங்கியதும் மறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். பிழைச் செய்தி வந்தால் பெட்டியை ஒட்டியே வர வேண்டும் என்பதையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.
- வெப் ஆள் சாய்கோட்டை ஏற்கும்படி நிரலை எழுதுகிறார். மலாய்க்காரர், சீனர் பெயர்களில் வரும் "அட்" குறியையும் மேற்கோள் குறியையும் சேர்த்துக்கொள்கிறார். அடையாள அட்டை எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களைக் கோடு போட்டு எழுதினாலும் போடாமல் எழுதினாலும் ஏற்றுக்கொண்டு, கோட்டை நிரலே நீக்கிவிடும்படி செய்கிறார்.

உங்கள் கேட்டரிங் பக்கத்தில் அடையாள அட்டை எண் தேவையே இல்லை. பெயர்ப் பெட்டி மட்டும் இருக்கும். அதில் உங்கள் சொந்தப் பெயரை ஏ/எல் அல்லது ஏ/பியோடு போட்டுச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

## தமிழ் எழுத்தைத் திரையில் வைக்கும்போது

தமிழ்ப் பக்கம் என்றால் பலரும் ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் சொற்களை மாற்றிப் போடுகிறார்கள். எல்லாம் பிதுங்கிக்கொண்டு நிற்கும். தொடக்கத்திலிருந்தே தமிழ்ச் சொல்லை வைத்து வரையுங்கள்.

1. பட்டனில் நீளமான சொல்லைப் போட்டுச் சோதியுங்கள். மலாயில் "ஹந்தார்" அடங்கும் இடத்தில் "சமர்ப்பிக்கவும்" அடங்காது. "அனுப்பு" என்றே எழுதலாம்; அதுதான் பேச்சுக்கும் பக்கம்.
2. வரிகளுக்கிடையே இடம் விடுங்கள். மேலே புள்ளியும் கீழே சுழியும் உள்ள எழுத்து நமது. வரி உயரம் மிகக் குறைந்தால் மேல்வரியும் கீழ்வரியும் இடித்துக்கொள்ளும்.
3. அலங்காரத்துக்காக எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டாதீர்கள்.
4. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. எங்கிருந்தோ வந்த எழுத்துருவை உரிமம் பார்க்காமல் வாடிக்கையாளர் தளத்தில் ஏற்றக் கூடாது.
5. எழுத்து எண்ணிக்கை வரம்பு வைக்கும்போது கவனம். "மீனாட்சி" நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் எட்டுக் குறிகள். இருபது என்று வரம்பு வைத்தால் பத்தெழுத்துப் பெயரே முட்டிக்கொள்ளும்.
6. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை எச்டிஎம்எல்லில் குறித்துவிடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை வைத்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கிறது.

இந்தத் துறையில் நமக்கு முன்னே நடந்தவர் ஒருவர் இருக்கிறார். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கினார். பின்னர் கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்யச் செல்லினத்தைக் கொண்டுவந்தார். ஆப்பிள் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் இந்திய மொழி எழுத்துருக்கள் பலவற்றின் பெயர் "எம்என்" என்று முடிவதைப் பார்க்கலாம். அது அவருடைய பெயரின் முதலெழுத்துகள். யுஐ என்றால் வண்ணமும் பட்டனும் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். விசைப்பலகையும் எழுத்துருவும் இடைமுகத்தின் அடித்தளம், அதில் தமிழ் அறிந்தவருக்குத்தான் முதலிடம்.

## எந்தப் படியில் உங்களுக்கு நேரம் போனது தெரியவில்லை?

பயிற்சி முடிந்ததும் இதை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நான்கு படிகளிலும் பத்தாவது படியிலும் உற்சாகம் என்றால் யுஎக்ஸ். ஐந்து முதல் எட்டு என்றால் யுஐ. ஒன்பதாவது படியில் இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து ஒரு பிழையைத் தேடிப் பிடித்து, யாரும் பாராட்டாவிட்டாலும் நிம்மதியாகத் தூங்கினீர்கள் என்றால் வெப்.

வேலையில் நாள் எப்படிப் போகும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். யுஎக்ஸில் பேச்சும் எழுத்தும் கூட்டமும் அதிகம். கண்டுபிடித்ததை மலாயிலும் ஆங்கிலத்திலும் மற்றவர் ஒத்துக்கொள்ளும்படி எடுத்துச்சொல்ல வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் மக்களிடம் சரளமாகப் பேசும் தாப்பாப் பிள்ளைக்கு இங்கே உண்மையான பலம் இருக்கிறது. யுஐயில் ஒரே திரையின் பத்து வடிவங்களைப் பொறுமையாக வரைந்து, கட்டுபவரிடம் அளவுகளோடு ஒப்படைக்க வேண்டும். வெப்பில் கட்டுவதைவிடக் கட்டியதைப் பராமரிப்பதுதான் நீளும். தளம் திறக்கவில்லை என்று ராத்திரியில் அழைப்பு வரும்.

## வேலை எங்கே இருக்கிறது?

தாப்பாவைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் வெப் வேலை: தங்கும் வீடுகள், நாற்றுப் பண்ணைகள், கிளினிக்குகள், டியூஷன் மையங்கள், கோயில்கள். ஈப்போவில் சிறு நிறுவனங்கள் வெப்பும் யுஐயும் சேர்த்துச் செய்யும் ஆட்களை எடுக்கின்றன. தனி யுஎக்ஸ் பதவிகள் வங்கி, தொலைத்தொடர்பு, காப்புறுதி, மின்வணிகம் போன்ற பெரிய இடங்களில். அவை கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா, சைபர்ஜெயா பக்கம். தாப்பா ரோடு நிலையத்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரலுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நேர்முகத் தேர்வுக்குப் போய்வரலாம். தினமும் போய்வர முடியாது.

என் தீர்ப்பு இது: சிறு நகரத்திலிருந்து தொடங்குகிறவர் வெப் வழியாக உள்ளே போவது நல்லது. ஊரிலேயே வேலை கிடைக்கும், செய்ததை லிங்காகக் காட்டலாம், கட்டத் தெரிந்தவர் வரைவதும் நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டு மூன்று வருடத்தில் யுஎக்ஸுக்கோ யுஐக்கோ திரும்பலாம். இதற்கு விலக்கு உண்டு. தாதியாகவோ ஆசிரியராகவோ முகப்பிடத்திலோ வேலை பார்த்தவர்கள் மக்களைக் கவனிக்கும் பழக்கத்தோடு வருகிறார்கள். அவர்கள் நேரே யுஎக்ஸுக்கு முயலலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் சில நிமிடத்தில் ஒரு பக்கத்தைக் கட்டித் தருகின்றன. வெறும் பக்கம் கட்டுவதோடு நிற்பவர் இனி அதிகக் கூலி கேட்க முடியாது. அந்தப் பக்கத்தில் ஏ/பி ஏறுமா என்று சோதிக்கத் தெரிந்தவரைத்தான் தேடுவார்கள். கருவியைப் பயன்படுத்துங்கள், பத்தாவது படியை அதனிடம் விட்டுவிடாதீர்கள்.

படிப்பு: தாப்பாவிலிருந்து அரை மணித் தூரத்தில், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் புலம் இருக்கிறது. ஈப்போவில் 1969இல் தொடங்கிய, நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஒமார் இருக்கிறது. வரைகலைப் பக்கம் சாய்பவர்கள் சைபர்ஜெயாவின் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். செய்முறையாகக் கற்க விரும்புவோருக்கு மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் வழி இருக்கிறது. அதற்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பிடிபிகே கடனுதவி தருகிறது. டிப்ளோமா அல்லது பட்டப் படிப்பு என்றால் அது மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் பதிவேட்டில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கட்டணம் கேட்கும் குறுகிய காலப் பயிற்சி மையம் என்றால் முன்பு படித்தவர்களின் போர்ட்ஃபோலியோவை (செய்த வேலைகளின் தொகுப்பை) கேளுங்கள். காட்டத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

போர்ட்ஃபோலியோ: வெப்புக்கு, கைப்பேசியில் திறக்கும் உயிருள்ள லிங்க். யுஐக்கு, நான்கு நிலைகளோடு திரைகள். யுஎக்ஸுக்கு, யாரிடம் கேட்டீர்கள், என்ன தெரிந்தது, அதனால் எதை மாற்றினீர்கள் என்ற இரண்டு பக்கக் கதை. முதலில் போட்டு வேலைக்காகாமல் போன தாள் வரைபடமும் அதில் இருக்கட்டும். மூன்று வேலைகள் போதும். இருபது லோகோவை அடுக்கினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

- பிரபல செயலி ஒன்றின் திரையை அழகாக மறுபடி வரைந்து அதை யுஎக்ஸ் என்று சொல்வது. பயன்படுத்துபவர் ஒருவரிடம்கூடப் பேசவில்லை என்றால் அது யுஐ பயிற்சி மட்டுமே.
- மடிக்கணினியிலேயே பார்த்துவிட்டு முடித்துவிடுவது. கேமரன் மலைச் சாலையில் சிக்னல் மெலியும் இடத்தில் பழைய கைப்பேசியில் திறந்து பாருங்கள். கனமான படங்கள் அப்போது காட்டிக்கொடுக்கும்.
- "நல்லா இருக்கா?" என்று கேட்பது. நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே நல்லா இல்லை என்று சொல்ல மாட்டார்கள். செய்யச் சொல்லிப் பாருங்கள்.
- டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) தன் பெயரில் பதிவது. அது கடைக்காரரின் சொத்து. அவர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலும்தான் இருக்க வேண்டும்.

## பாதுகாப்பு

பணம். சொந்தக்காரர் என்றாலும் என்ன செய்வீர்கள், எத்தனை முறை திருத்துவீர்கள், எப்போது முடிப்பீர்கள் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி ஒப்புதல் வாங்குங்கள். பாதி முன்பணம் வாங்கிய பிறகு தொடங்குங்கள். தொடர்ந்து கூலி வாங்கி வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி.

பிறர் தகவல். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. வேண்டாத எதையும் கேட்காதீர்கள். சோதனைக்குக் கற்பனைப் பெயரையும் எண்ணையும் போடுங்கள். பேட்டியைப் பதிவு செய்யுமுன் கேட்டு அனுமதி வாங்குங்கள். போர்ட்ஃபோலியோவில் முகமும் தொலைபேசி எண்ணும் தெரியக் கூடாது.

மோசடி. வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர், வங்கி அட்டையையோ கணக்கையோ "கொஞ்ச நாள் பயன்படுத்த" கேட்பவர், டெலிகிராமில் மட்டும் பேசுபவர் ஆகியோரிடம் விலகுங்கள். கணக்கை வாடகைக்கு விட்டால் வழக்கு உங்கள் மேல் வரும். பணம் போய்விட்டது என்று தெரிந்த கணமே உங்கள் வங்கியையும், தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கை மாறும்.

கருவியும் உடம்பும். பிற்பகல் இடிமழைக்குப் பேர்போன பகுதி நமது. இடி தொடங்கினால் மடிக்கணினி, மோடம் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். வேலையின் பிரதி ஒன்று எப்போதும் கிளவுட் சேமிப்பில் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்திலுள்ள ஒன்றை இருபது நொடி பாருங்கள்.

## தொடங்கும் நாள்

கேட்டரிங் அக்காவோ தையல்காரரோ, கூட்டம் குறைந்த மூன்று மணிவாக்கில் வரலாமா என்று கேட்டுக்கொண்டு போங்கள். கையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். மடிக்கணினியை வீட்டில் விட்டுவிடுங்கள். ஏழாவது படிவரை அதற்கு வேலை இல்லை.